பிலிப்பைன்ஸ் சுதந்திர தினம்: ஜூன் 12 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாய், தோகா, சிங்கப்பூர் என்று எங்கே போனாலும் தமிழர்களும் பிலிப்பினோக்களும் ஒரே மருத்துவமனையில், ஒரே ஹோட்டலில், ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். டவாவ் நகரில் மருத்துவம் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர்களும் நிறையப் பேர். ஜூன் பிறந்ததும் "எங்கள் சுதந்திர தின விழாவுக்கு வாருங்கள்" என்று அழைப்பு வரும். போகிறவர்களும், விழா ஏற்பாட்டில் கைகொடுப்பவர்களும், அந்த நாட்டிலேயே இருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே.

1898 ஜூன் 12 அன்று என்ன நடந்தது?

மணிலாவுக்குத் தெற்கே கவீத்தே மாகாணத்தில் உள்ள ஊர் கவிட். அங்கே விடுதலைப் புரட்சியின் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீட்டில், மாலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே, ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றுவிட்டதாக அறிவித்தார்கள். ஸ்பெயின் அந்தத் தீவுகளை 1565 முதல் ஆண்டுவந்தது. ஸ்பானிய மொழியில் எழுதிய பிரகடனத்தை அதை எழுதிய அம்ப்ரோசியோ ரியான்சரெஸ் பவுடிஸ்டாவே வாசித்தார். 98 பேர் கையெழுத்திட்டார்கள். அதில் ஒருவர் அமெரிக்கப் பீரங்கிப்படை அதிகாரி.

ஹாங்காங்கில் தைத்து எடுத்துவந்த கொடியை விரித்துக் காட்டினார்கள். ஹூலியன் ஃபெலிபே அமைத்த அணிவகுப்பு இசையைப் பக்கத்து ஊர் பேண்டு குழு வாசித்தது. அப்போது அந்த இசைக்கு வரிகள் கிடையாது. ஹோசே பால்மா ஸ்பானிய மொழியில் எழுதிய கவிதை மறு ஆண்டு, 1899ல்தான் அதனோடு சேர்ந்தது.

படங்களில் பிரகடனம் பால்கனியில் நடந்ததாக வரைந்திருப்பார்கள். பள்ளி நாடகங்களிலும் அப்படியே நடிக்கிறார்கள். அன்று அந்த வீட்டில் பால்கனியே இல்லை. அறிவிப்பு ஜன்னலிலிருந்து வந்தது, பால்கனியை அகினால்டோ பிற்காலத்தில் கட்டிச் சேர்த்தார். நாடகம் போடும் குழுவுக்கு ஒரு பெரிய ஜன்னல் சட்டம் இருந்தால் போதும்.

அமெரிக்கா விடுதலை கொடுத்தது 1946 ஜூலை 4 அன்று. அப்படியிருக்க ஏன் ஜூன் 12?

எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை இதுதான். பிலிப்பினோக்கள் கொண்டாடுவது ஆட்சி கைமாறிய நாளை அல்ல. "நாங்கள் சுதந்திர மக்கள்" என்று தாங்களே சொன்ன நாளை.

1898ல் அந்தப் பிரகடனத்தை ஸ்பெயினும் ஏற்கவில்லை, அமெரிக்காவும் ஏற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று பாரிஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் அந்தத் தீவுகளை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. 1899 பிப்ரவரியில் பிலிப்பினோப் படைக்கும் அமெரிக்கப் படைக்கும் போர் மூண்டது. 1901 மார்ச்சில் அகினால்டோ பிடிபட்டார். பிறகு பல ஆண்டுகள் அமெரிக்க ஆட்சி, இடையில் ஜப்பானிய ஆக்கிரமிப்பு. 1934ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய டைடிங்ஸ்–மெக்டஃபி சட்டத்தின்படி 1946 ஜூலை 4 அன்று விடுதலை வந்தது. அதாவது அமெரிக்காவின் சுதந்திர தினத்தையே பிலிப்பைன்ஸின் சுதந்திர தினமாகவும் ஆக்கினார்கள். 1961 வரை அந்நாளில்தான் விழா நடந்தது.

1962 மே 9 அன்று, இரண்டாம் உலகப் போர்ச் சேதத்துக்காக பிலிப்பைன்ஸுக்குத் தரவேண்டிய 7.3 கோடி டாலர் மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தோற்கடித்தது. நாடே கொதித்தது. மூன்றே நாளில், மே 12 அன்று, அதிபர் தியோஸ்தாதோ மகபகால் 28ஆம் எண் அறிவிப்பை வெளியிட்டு ஜூன் 12ஐ விடுமுறை நாளாக்கினார். வரலாற்றாசிரியர்களும் மற்றவர்களும் முன்பே கேட்டுவந்த மாற்றம்தான் அது. அந்தக் கோபம் அதற்கு வழி திறந்துவிட்டது. அந்த ஆண்டு விழாவில் 93 வயது அகினால்டோவே கலந்துகொண்டார். 1964 ஆகஸ்டில் 4166ஆம் குடியரசுச் சட்டம் இந்தத் தேதியை நிரந்தரமாக்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, பிப்ரவரியிலேயே, அகினால்டோ காலமாகிவிட்டார்.

பிரகடனத்திலேயே ஒரு உறுத்தல் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. வட அமெரிக்க நாட்டின் பாதுகாப்பின் கீழ் என்று அதில் எழுதியிருந்தார்கள். அகினால்டோவின் ஆலோசகர் அப்போலினாரியோ மாபினி அதை ஏற்கவில்லை. மக்களின் ஒப்புதல் வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவர்தான். ஆகஸ்ட் 1 அன்று பக்கோர் என்ற ஊரில் கூடிய ஊர்த் தலைவர்கள் சுதந்திரத்தை மறுபடி உறுதிசெய்தார்கள். ஜூன் 12 அளவுக்கு ஆகஸ்ட் 1ம் மதிக்கத்தக்கது என்பது எங்கள் கருத்து. விழா மேடைப் பேச்சுகளில் அது இன்னும் போதிய அளவு வருவதில்லை.

ஜூலை 4 இப்போது என்ன நாள்?

குடியரசு தினம் என்றும் பிலிப்பைன்ஸ்–அமெரிக்க நட்பு தினம் என்றும் அழைக்கிறார்கள். விடுமுறை கிடையாது.

மே 28 முதலே எங்கும் கொடி தெரிகிறதே?

மே 28 முதல் ஜூன் 12 வரை "கொடி நாட்கள்". கவீத்தேயின் இமுஸ் ஊருக்கு அருகே ஆலாபானில் 1898 மே 28 அன்று ஸ்பானியப் படையை வென்ற பின் இந்தக் கொடி காட்டப்பட்டது என்பது அதன் பின்னணி. அரசு அலுவலகம், பள்ளி, கடை, வீடு எல்லாவற்றிலும் இந்த நாட்களில் கொடி ஏற்றச் சொல்கிறது 1998ல் வந்த 8491ஆம் குடியரசுச் சட்டம். கொடிக்கும் தேசிய கீதத்துக்கும் உரிய விதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

கொடி விஷயத்தில் அவர்கள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஆட்சி 1907ல் இந்தக் கொடியைப் பொது இடத்தில் காட்டுவதையே சட்டம் போட்டுத் தடுத்தது. 1919ல்தான் தடை நீங்கியது. பன்னிரண்டு ஆண்டு வெளியே எடுக்க முடியாதிருந்த கொடி அது.

நீலம் மேலே, சிவப்பு மேலே என்பதில் என்ன இருக்கிறது?

சமாதான காலத்தில் நீலம் மேலே. போர்க்காலத்தில் சிவப்பு மேலே. தலைகீழாகப் பறந்தால் போர் நடக்கிறது என்று பொருள் தரும் கொடிகள் உலகில் அரிது. 2016ல் சரியாக ஜூன் 12 அன்று ஃபேஸ்புக் வெளியிட்ட வாழ்த்துப் படத்தில் சிவப்பு மேலே இருந்தது. பிறகு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

கம்பத்தில் ஏற்றும்போது தவறு நடப்பது குறைவு. செங்குத்தாகத் தொங்கவிடும்போதுதான் பெரும்பாலும் தவறுகிறது. முக்கோணம் மேலே இருக்க வேண்டும், பார்ப்பவரின் இடது கைப்பக்கம் நீலம் வர வேண்டும். கிடைமட்டக் கொடியை அப்படியே கால்வட்டம் சுழற்றி முக்கோணத்தை மேலே கொண்டுவந்தால் நீலம் வலப்பக்கம் போய்விடும். அது போர்க்கால நிலை. எனவே சுழற்றினால் மட்டும் போதாது, கொடியைத் திருப்பி அதன் பின்பக்கம் நம்மைப் பார்க்கும்படி தொங்கவிட வேண்டும். ஃபிளெக்ஸ் அச்சடிப்பவரிடம் கிடைமட்டப் படத்தைக் கொடுத்து "நிமிர்த்திப் போடுங்கள்" என்று சொன்னால் இந்தத் தவறு உறுதி. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிய படத்தைத் தயார்செய்து கொடுங்கள்.

கொடியை நாமே வரைந்தாலோ தைத்தாலோ அளவு என்ன?

உயரம் ஒன்று என்றால் நீளம் இரண்டு. 90 செ.மீ. உயரக் கொடிக்கு நீளம் 180 செ.மீ., நீலமும் சிவப்பும் தலா 45 செ.மீ. வெள்ளை முக்கோணம் சமபக்க முக்கோணம், ஒவ்வொரு பக்கமும் 90 செ.மீ. அதன் முனை கம்பத்துப் பக்க ஓரத்திலிருந்து ஏறக்குறைய 78 செ.மீ. தூரத்தில் வரும். முனையைச் சரியாக 90 செ.மீ.க்கு, அதாவது கொடியின் நடுவுக்கு, இழுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பார்த்தவுடன் முக்கோணம் மூக்கு நீண்டு தெரியும்.

நடுவில் பொன்னிறச் சூரியன், எட்டுக் கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் நடுவில் ஒரு அகலமான கோடும் இரு பக்கமும் மெல்லிய கோடுகளும். எட்டு என்பது ஸ்பெயினுக்கு எதிராக முதலில் எழுந்த மாகாணங்களைக் குறிக்கிறது. மூன்று மூலைகளிலும் ஐந்து முனை நட்சத்திரங்கள். இன்று அவற்றை லூசோன், விசாயாஸ், மிண்டனாவோ என்கிறோம். 1898 பிரகடனத்தில் விசாயாஸ் இருக்கும் இடத்தில் பனாய் தீவின் பெயர் இருந்தது. ஒவ்வொரு நட்சத்திரத்தின் ஒரு முனையும் அதனதன் மூலையை நோக்கியிருக்க வேண்டும். மூன்றையும் ஒரே பக்கம் பார்க்கும்படி நகலெடுத்து ஒட்டுவது இன்னொரு வழக்கமான தவறு.

நீலத்தின் சாயலும் பல காலம் தகராறுக்கு உள்ளானது. 1985ல் அதிபர் மார்க்கோஸின் ஆட்சி வெளிர்நீலத்துக்கு மாற்றியது, மறு ஆண்டே பழைய நீலம் திரும்பியது. இப்போது சட்டம் சொல்வது ராயல் புளூ.

அந்த முதல் கொடியைத் தைத்தவர்கள் மர்செலா அகோன்சில்யோ, அவருடைய மகள் லொரென்சா, டெல்ஃபினா எர்போசா. டெல்ஃபினா, 1896ல் ஸ்பானிய ஆட்சி சுட்டுக்கொன்ற தேசிய வீரர் ஹோசே ரிசாலின் உடன்பிறந்தாள் மகள்.

கொடியை வைத்து எதையெல்லாம் செய்யக்கூடாது?

மேசை விரிப்பாகவோ, சுவரையும் சிலையையும் மூடும் துணியாகவோ பயன்படுத்தக்கூடாது. காரின் முன்பக்கம், பக்கவாட்டு, கூரை எதிலும் சிறுகொடியாகக் கட்டக்கூடாது. உடையாக அணியக்கூடாது. கைக்குட்டை, காகித நாப்கின், மெத்தை உறை போன்றவற்றில் அச்சிடக்கூடாது. கொடியின் மேல் எழுத்தோ விளம்பரமோ படமோ சேர்க்கக்கூடாது. கேளிக்கை விடுதி, சேவல் சண்டைக் களம், சூதாட்டக் கூடம் ஆகியவற்றில் வைக்கக்கூடாது. மீறினால் 5,000 முதல் 20,000 பெசோ வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

நடைமுறையில் காரில் கொடி கட்டுகிறவர்களையும் கொடிச் சட்டை போடுகிறவர்களையும் ஜூன் மாதத்தில் தாராளமாகப் பார்க்கலாம். ஆனாலும் விருந்தினராகப் போகும் நாம் அதைப் பார்த்துச் செய்யாமல் இருப்பதே மரியாதை. கேக் மேல் முழுக் கொடியை வரைந்து அதை வெட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். நீலம், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் நிறங்களையோ தனியாக ஒரு சூரியனையோ பயன்படுத்தினால் யாருக்கும் உறுத்தாது. தெருவில் கட்டும் முக்கோணத் தோரணங்களை "பண்டெரிட்டாஸ்" என்பார்கள். அதற்கும் இந்த நிறங்களே போதும்.

கிழிந்து வெளுத்த கொடியைக் குப்பையில் போடக்கூடாது. மரியாதையாக எரித்துவிட வேண்டும் என்கிறது சட்டம்.

தேசிய கீதம் பாடும்போது என்ன செய்ய வேண்டும்?

"லூபாங் ஹினிராங்" ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எழுந்து நின்று, கொடி இருந்தால் கொடியைப் பார்த்து, வலது உள்ளங்கையை இடது மார்பில் வைப்பார்கள். வெளிநாட்டவர் அசையாமல் நேராக நின்றாலே போதும். தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

கீதம் பிலிப்பினோ மொழியில் மட்டுமே, ஃபெலிபே அமைத்த இசையிலேயே பாட வேண்டும். 2009ல் லாஸ் வேகஸில் நடந்த ஒரு குத்துச்சண்டைப் போட்டிக்கு முன் மெதுவாகத் தொடங்கி, முடிவை உச்சத்துக்கு இழுத்துப் பாடியதைத் தேசிய வரலாற்று நிறுவனமே கண்டித்தது. உங்கள் விழாவில் நல்ல குரல் உள்ளவரைத் தனியாகப் பாடச் சொல்லும்போது இதுதான் நடக்கும்: மேடையில் நின்றதும் கமகம் போட ஆசை வந்துவிடும். இசைத்தட்டை ஓடவிட்டு எல்லோரும் சேர்ந்து பாடுவதே நல்லது.

மணிலாவில் அன்று என்ன நடக்கும்?

காலையிலேயே பல இடங்களில் ஒரே நேரத்தில் கொடியேற்றம். முக்கியமானவை லுனெட்டா பூங்காவில் உள்ள ரிசால் நினைவுச்சின்னம், கவிட்டில் அகினால்டோவின் வீடு, புலகான் மாகாணம் மலோலோஸில் பரசோவாயின் தேவாலயம், கலோக்கானில் புரட்சித் தலைவர் போனிஃபாசியோவின் நினைவுச்சின்னம். ரிசால் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். கிரீனோ கிராண்ட்ஸ்டாண்ட் திடலில் அணிவகுப்பும் வரலாற்றுக் காட்சிகளைத் தாங்கிய அலங்கார ஊர்திகளும் வரும். தொழிலாளர் துறை அன்று வேலைவாய்ப்பு முகாம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. எம்ஆர்டி 3, எல்ஆர்டி 2 ரயில்களில் காலை 7 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் பல ஆண்டுகளில் இலவசப் பயணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கவிட்டுக்குப் போகச் சொல்வோம். லுனெட்டாவில் கூட்டத்தின் பின்தலைதான் தெரியும். கவிட்டில் அந்த வீட்டையே பக்கத்தில் நின்று பார்க்கலாம். விழா நேரத்தில் வாசல் சாலைகளை மூடிவிடுவார்கள், அதனால் விடியும் முன்பே போய்ச் சேருங்கள். உள்ளே அருங்காட்சியகத்தை நிதானமாகப் பார்க்க வேறொரு நாள் போவது நல்லது. திங்கட்கிழமை மூடியிருக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம். கையில் மழைக்கோட்டு இருக்கட்டும், கூட்டத்தில் குடை விரித்தால் பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும்.

வீடுகளில் எப்படிக் கொண்டாடுகிறார்கள்? அன்றைக்கென்று பலகாரம் உண்டா?

இல்லை. கிறிஸ்துமஸுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் இருப்பதுபோல் வீட்டுச் சடங்கோ அன்றைக்கென்ற உணவோ சுதந்திர தினத்துக்கு உருவாகவில்லை. அது அரசும் பள்ளியும் ஊராட்சியும் நடத்தும் நாள். பெரும்பாலான குடும்பங்களுக்கு வாசலில் கொடி, டிவியில் விழா, பிறகு கடைவீதியோ கடற்கரையோ.

பொதுவிருந்து நடந்தால் பன்சித் நூடுல்ஸ், லும்பியா, அடோபோ, அரிசிமாவுப் பலகாரங்கள் வரும். வாழை இலையை மேசை நீளத்துக்கு விரித்து, நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிலும் மீனும் இறைச்சியும் வைத்து எல்லோரும் நின்றபடி கையால் சாப்பிடும் "பூடுல் ஃபைட்" தமிழர்களுக்கு உடனே பிடித்துப்போகும். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்கறிப் பன்சித்திலும் இறால் சாறோ மீன் சாஸோ சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

என்ன உடுத்திக்கொள்ள வேண்டும்?

ஆண்களுக்கு பாரோங் தகாலோக்: அன்னாசி இலை நாரில் நெய்த, உள்ளே இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிய முழுக்கைச் சட்டை. அதைக் கால்சட்டைக்குள் செருகக்கூடாது. உள்ளே வெள்ளைப் பனியன் கட்டாயம், நிறப் பனியன் அப்படியே தெரியும். பெண்களுக்கு, தோளில் வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல் நிமிர்ந்த கையுள்ள தெர்னோ. விருந்தினர் வேட்டி சட்டையிலோ சேலையிலோ போனால் மகிழ்ச்சியோடு வரவேற்பார்கள்.

அன்று வேலை செய்தால் சம்பளம் எவ்வளவு?

ஜூன் 12 பிலிப்பைன்ஸில் "வழக்கமான விடுமுறை". நாள்கூலி 600 பெசோ என்று வைத்துக்கொண்டால், வேலைக்கு வராவிட்டாலும் 600 கிடைக்கும். எட்டு மணி நேரம் வேலை செய்தால் 1,200. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 195. அது உங்கள் வார ஓய்வு நாளாகவும் இருந்து வேலை செய்தால் 1,560. முந்தைய வேலைநாளில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் வேலை செய்யாத விடுமுறைக்கான பணம் கிடைக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் சில்லறைக் கடைகளுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு.

2007ல் வந்த 9492ஆம் சட்டம் நீண்ட வார இறுதி கிடைக்கட்டும் என்று இந்த விடுமுறையை அருகிலுள்ள திங்கட்கிழமைக்கு மாற்றியது. 2008ல் விடுமுறை ஜூன் 9 அன்று வந்தது. ஒரு நாடு தானே தேர்ந்தெடுத்த தேதியைச் சுற்றுலாவுக்காக நகர்த்துவது சரியில்லை என்றே நினைக்கிறோம். அண்மை ஆண்டுகளில் ஜூன் 12லேயே நிற்கிறது: 2024ல் புதன், 2025ல் வியாழன்.

வெளிநாடுகளில் ஏன் இன்னும் பெரிதாக நடக்கிறது?

ஊரில் இருப்பவருக்கு அது ஒரு நாள் ஓய்வு. வெளியே இருப்பவருக்கு ஊர்க்காரர்கள் எல்லோரையும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு. விடுமுறை கிடைக்காது என்பதால் அருகிலுள்ள வார இறுதியில் வைப்பார்கள். நியூயார்க்கில் ஜூன் முதல் ஞாயிறு மேடிசன் அவென்யூவில் நடக்கும் அணிவகுப்பு பெயர்பெற்றது.

எல்லா இடத்திலும் இது எளிதாக நடந்துவிடவில்லை. 2014ல் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் விழா நடத்தத் திட்டமிட்டவர்கள் இணையத்தில் வந்த வசவுகளுக்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். வசைபாடியவர்களை அந்நாட்டுப் பிரதமரே கண்டித்தார். சிங்கப்பூரில் வேற்று நாட்டுத் தேசியச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்ட அனுமதி வேண்டும் என்ற சட்டமும் உண்டு. எந்த நாட்டிலானாலும் மண்டபத்துக்கு வெளியே கொடி வைப்பதற்கு முன் உள்ளூர் விதியைக் கேட்டுவிடுங்கள்.

எப்படி வாழ்த்துவது?

"மலிகாயாங் ஆராவ் நாங் கலாயாஆன்" என்றால் சுதந்திர தின வாழ்த்துகள். அது நாக்கில் நிற்காவிட்டால் "மபூஹாய்!" போதும்.

ஜூன் 12 உடன் குழப்பிக்கொள்ளும் நாட்கள் எவை?

ஏப்ரல் 9 வீர தினம், 1942ல் பட்டான் தீபகற்பம் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்ததன் நினைவு. ஜூன் 19 ரிசால் பிறந்த நாள். ஆகஸ்ட் கடைசித் திங்கள் தேசிய வீரர்கள் தினம். நவம்பர் 30 போனிஃபாசியோ தினம். டிசம்பர் 30 ரிசால் தினம், அவரைச் சுட்டுக்கொன்ற நாள். டிசம்பர் 30க்கு "மலிகாயாங்" என்று தொடங்கும் மகிழ்ச்சி வாழ்த்தை அனுப்பிவிடாதீர்கள், அது நினைவு நாள்.